நான்கு வேளை சாப்பிட்டவன்

பிச்சைக்கனி கொடுக்க வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய். தொண்ணூற்றொரு வில்லை, ஒன்று முப்பது ரூபாய். துறைமுகக் கூலிக்கு அது சரியாக மூன்று நாள் சம்பளம். அந்தத் தொண்ணூற்றொன்றாவது வில்லையை அன்று காலை ஆறேமுக்காலுக்கு, நான்காம் கேட்டுக்கு வெளியே வைத்து, மேஸ்திரி ஆறுமுகநயினார்தான் அவன் உள்ளங்கையில் போட்டார்.

"நாக்குக்கு அடியில வைல. முழுங்கிராத. போன வாரம் முழுங்கிட்டு அரைமணி நேரம் வெளிய நின்னேல்லா."

"அது தெரியாம உள்ள போயிட்டு அண்ணாச்சி. எது கெடச்சாலும் வயிறு இழுத்துக்கிடுது."

"சாப்பிட்டியால?"

"வீட்டுல சாப்பிட்டாச்சு."

நயினார் தலையாட்டினார். சாப்பிட்டவனுக்கு வில்லை எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் காலையில் பார்த்ததும் அப்படிக் கேட்பது ஒரு வழக்கம், அப்படிப் பதில் சொல்வதும் வழக்கம். கேட்டவருக்கும் சொன்னவனுக்கும் அதோடு முடிந்தது.

பிச்சைக்கனியின் மணிக்கட்டில் இருந்த உப்புக்காப்பில் எண் ஏறியது. இரண்டு புள்ளி மூன்று, நான்கு, ஆறு. அவன் கையை நீட்டினான். கேட் திறந்தது. "நல்வரவு. நீங்கள் நன்றாக உண்டிருக்கிறீர்கள்" என்றது கேட்டின் குரல்.

உப்புக்காப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. உப்பு என்றால் குழம்பில் போடுகிற உப்பு இல்லை. பாஸ்பேட். எலும்பிலும் சதையிலும் ரத்தத்திலும் இருப்பது. பெரிய அறுவை முடிந்து தீவிரப் பிரிவில் கிடக்கிறவர்களில் யாருக்கு ரத்தத்தில் இது இறங்குகிறதோ, அவர்களைத்தான் சீழும் சுரமும் தேடிப் பிடிக்கின்றன என்று மருத்துவர்கள் சொல்ல, காப்பீட்டுக் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. உப்புக் குறைந்தவன் வேலையில் அடிபட்டால் ஒரு மாதத்தில் ஆறுகிற காயம் நான்கு மாதம் இழுக்கும், செலவு கம்பெனிக்கு. ஆகவே அளவு இரண்டரைக்குக் கீழே இருக்கிறவனை உள்ளே விடக்கூடாது என்று விதி போட்டார்கள். கூலிக்காரர்கள் ஒழுங்காகச் சாப்பிட இது ஒரு தூண்டுதல் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. சாப்பிடாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குச் சாப்பாடு இல்லை என்பதை அறிக்கையில் யாரும் எழுதவில்லை.

இதில் இன்னொன்று. இந்தக் கூலிக்காரர்கள் கப்பலிலிருந்து இறக்கியதே உரத்துக்குப் போகிற பாஸ்பேட் பாறைத்தூள்தான். காது மடலில், பல் இடுக்கில், சட்டை மடிப்பில் எல்லாம் அதுதான். ரத்தத்துக்கு மட்டும் போகாது.

காப்பு வந்த புதிதில் ஒரு வேடிக்கை நடந்தது. சம்பளம் வாங்கிய அன்று கூட்டமாகப் போய் ஆட்டுக்கறியும் சோறுமாக வயிறு முட்டத் தின்றார்கள். மறுநாள் காலையில் கேட் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியது. "நீங்கள் பசியோடு இருக்கிறீர்கள்" என்றது. "நேத்து அரை ஆட்டத் தின்னவன் பசியோட இருக்கானாம்" என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். மாதாமாதம் அப்படியே நடந்தபோது சிரிப்பு நின்றது. பட்டினி கிடந்தால் அளவு கோட்டை ஒட்டி ஊசலாடும். பட்டினிக்கு மேல் நன்றாகத் தின்றால் தடாலென்று இறங்கும். காரணம் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதே என்று தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். பிறகு நயினார் பாஸ்பேட் வில்லை கொண்டுவந்தார், நாக்கடியில் கரைந்தால் கேட்டைத் தாண்டும்வரை அளவு ஏறி நிற்கும். மருந்துக்கடையில் இருபத்திரண்டு ரூபாய். அவர் முப்பதுக்குக் கொடுத்தார். அலைச்சலுக்கு எட்டு ரூபாய்.

அன்று காலை பத்தரை மணிக்குக் கப்பலின் அடித்தளத்தில், மூலையில் கிடந்த தூளை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தான் பிச்சைக்கனி. சரக்கை அள்ளும் இரும்புக் கிராப் இறங்கியது. மேலிருந்து கத்தினார்கள். மற்ற மூன்று பேர் விலகினார்கள். அவனும் விலகினான், ஒரு மூச்சு தாமதமாக. கிராப்பின் விளிம்பு அவன் வயிற்றில் இடித்துச் சுவரோடு வைத்து அழுத்தியது. குடல் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. நான்கு மணி நேரம் அறுவை நடந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியின் தீவிரப் பிரிவில் அவனைக் காவல்கட்டிலில் பார்த்தார்கள். அந்தக் கட்டில் கால்மணிக்கு ஒரு தரம் ரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும், மருந்து ஏற்றும், ஊட்டுகுழல் வழியாகச் சத்து இறக்கும், மென்மையான குரலில் பேசும். எவ்வளவு வேகத்தில் ஊட்டுவது என்று முடிவுசெய்ய, வேலை செய்யும் இடத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர், இரண்டு பேர் வாய்ச்சொல் அதற்கு வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டில் பொன்செல்வி நின்றாள், பிச்சைக்கனியின் மனைவி. கால்மாட்டில் நயினார். நடுவில் நர்ஸ் ஜெசிந்தா. துணித்திரைக்கு அந்தப் பக்கம் வேறு நோயாளியின் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பணியிடத்தார் சொல்லலாம்" என்றது கட்டில். "இவர் எப்படிச் சாப்பிடுவார்?"

நயினாருக்கு உண்மை தெரியும். சாப்பாட்டுப் படி நூற்றிருபது ரூபாயைப் பிச்சைக்கனி ரொக்கமாக வாங்கிக்கொள்வான், கேண்டீன் பக்கம் காலே வைக்க மாட்டான். மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்தால் அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததை அப்போதே தின்றுவிட்டதாகச் சொல்வான். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். பிறகு காப்பில் எப்படி இரண்டு புள்ளி ஆறு? அந்தப் பதில் நயினாரின் சட்டைப் பையில், சின்ன நோட்டில், தொண்ணூற்றொரு கோடாக இருந்தது.

"காலையில வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வருவான்" என்றார். "மத்தியானத்துக்கும் கட்டிட்டு வருவான். நல்ல சாப்பாட்டுக்காரன்."

பொன்செல்வி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் ஒரு நாளும் கட்டிக்கொடுத்ததில்லை. ஐந்தரைக்கு வெறும் வயிற்றோடு கிளம்புகிறவன், கேண்டீனில் இரண்டு வேளையும் போடுகிறார்கள் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். படிக்காசை ஓவர்டைம் என்று சொல்லி மகளின் படிப்புக்குக் கொடுத்தான்.

"வீட்டார் சொல்லலாம்" என்றது கட்டில்.

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு ஒரு தூக்குவாளிச் சோறு கட்டிக்கொடுக்காத பொம்பளை என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? பொன்செல்வி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, கட்டிக் குடுப்பேன்" என்றாள். அப்புறம், தனக்குத் தெரிந்ததையும் விட மனமில்லாமல், "கேண்டீன்லயும் ரெண்டு வேளை சாப்பிடுவாவ" என்றாள்.

"நன்றி" என்றது கட்டில். "வீட்டு உணவு இரண்டு வேளை, கேண்டீன் உணவு இரண்டு வேளை. நாளொன்றுக்கு நான்கு வேளை. தொண்ணூற்றொரு நாள் காப்பு அளவும் மிகச் சீராக உள்ளது. நல்ல ஊட்டம். முழு வேகத்தில் ஊட்டத் தொடங்குகிறேன்."

ஜெசிந்தா போர்வையை இழுத்துவிட்டபடி விலா எலும்பைப் பார்த்தாள். "நாலு வேளை சாப்பிடுற உடம்பா இது?"

"அவுக வாகு அப்படி" என்றாள் பொன்செல்வி.

"வேலை அப்படி சிஸ்டர்" என்றார் நயினார்.

வெளியே வராந்தாவில் இருவரும் வந்து நின்றார்கள். பொன்செல்வி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் ஒரு நாளும் கட்டிக் குடுத்ததில்லையே."

"அவன்தாம்மா சொல்லுவான், வீட்டுல சாப்பிட்டாச்சுன்னு."

"எங்கிட்ட கேண்டீன்ல சாப்பிட்டாச்சும்பாவ. ராத்திரி பேருக்கு ஒரு கை தின்னுட்டு எந்திரிச்சிருவாவ." சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப எங்கனதான் சாப்பிட்டாவ?"

வராந்தாவிலிருந்து கட்டிலுக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும். உள்ளே போய் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே போகவில்லை. சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்று ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் இருந்தார்கள்.

அடுத்த நாள் அளவு ஒன்று புள்ளி ஒன்பது. "அறுவைக்குப் பின் இப்படி இறங்குவது இயல்பு. நல்ல சேமிப்பு உள்ள உடல். சிறிது ஏற்றுகிறேன்" என்றது கட்டில். கொஞ்சம் உப்பை ஏற்றியது. ஊட்டும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான்கு வேளை சாப்பிட்டவனுக்கு எதற்குக் குறைக்க வேண்டும்?

நயினார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பளத்துக்கு மறுநாள் கேட்டில் பார்த்த எண் அது.

மத்தியானம் கூட்டாளி செந்தூர்பாண்டி போன் செய்தான்.

"கனி எப்படியிருக்கான்?"

"கெடக்கான்."

"அண்ணாச்சி, வில்ல விசயத்த வாயத் தொறந்து கிறந்து சொல்லிராதியும். கம்பெனிக்காரன் கேட்ட மாத்திட்டாம்னா இருபத்திரண்டு வீட்டுல அடுப்பு எரியாது. உமக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"சரிடே."

"என்ன சரி? சத்தியம் பண்ணும்."

நயினார் போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அளவு ஒன்று புள்ளி ஒன்று. சுரம் நூற்று மூன்று. தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டியது, மூச்சிலும் இரைச்சல் வந்தது. கிருமிக்கொல்லி மருந்தை இரண்டு தரம் மாற்றினார்கள். பிச்சைக்கனி கண்ணைத் திறந்தான், யாரையும் அடையாளம் தெரியவில்லை. பொன்செல்வி அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து கேக்கலையா சிஸ்டர்?" என்றார் நயினார்.

ஜெசிந்தா களைத்துப்போயிருந்தாள். "மருந்து மட்டும் என்ன செய்யும்ணே? கிருமியோட சண்டை போடுறது ரத்தத்துல உள்ள வெள்ளையணுதான். அதுக்குக் கூலி இந்த உப்புலதான். உப்பு இல்லன்னா அது கையக் கட்டிட்டு நிக்கும், கிருமி பக்கத்துல உக்காந்து கும்மாளம் போடும்."

"உப்பு ஏன் இப்படி இறங்குது?"

"பட்டினி கிடந்த உடம்புல வழக்கமா இப்படி ஆகும். உள்ள சேமிப்பு எல்லாம் காலியா இருக்கும், ரத்தத்துல மட்டும் ஒப்புக்குக் கொஞ்சம் நிக்கும். அந்த நேரத்துல தடபுடலா சத்தை ஏத்தினா, அதைச் செரிக்க உடம்புல உள்ள அத்தனை அணுவும் ரத்தத்துல இருக்கிற கொஞ்ச நஞ்ச உப்பையும் உள்ள இழுத்துக்கும். அதனால பட்டினிக்காரருக்குச் சொட்டுச் சொட்டாத்தான் ஊட்டணும், முதல்ல உப்பைக் குடுத்துட்டு." அவள் கட்டிலின் திரையைப் பார்த்தாள். "ஆனா இவருதான் நாலு வேளை சாப்பிட்டவராச்சே. அதான் எங்களுக்கு ஒண்ணும் புரியல."

நயினாருக்கு இப்போது புரிந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு சம்பளத்துக்கு மறுநாளும் கேட் அவர்களுக்குச் சொன்னது இதைத்தான். அரை ஆட்டைத் தின்றவன் பசியோடிருக்கிறான் என்று அது சொன்னபோது அது பொய் சொல்லவில்லை. அவர்கள்தான் அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். வில்லைக்கு எட்டு ரூபாய் லாபம் வைத்து.

"சிஸ்டர், இந்தக் கட்டில்கிட்ட நான் பேசணும்."

"என்ன பேசணும்?"

"பேசணும். இவங்க இருக்கும்போதே."

பொன்செல்வி திரும்பினாள். கட்டிலில் பச்சை விளக்கு எரிந்தது.

"வீட்டுல அவன் சாப்பிடல" என்றார் நயினார். "வீட்டுலயும் சாப்பிடல, கேண்டீன்லயும் சாப்பிடல. காப்புல நின்ன அளவு அவன் ரத்தம் இல்ல, நான் வித்த வில்லை. தொண்ணூத்தோரு நாளு. நான் பொய் சொன்னேன்."

"நானுந்தான்" என்றாள் பொன்செல்வி. "நான் எதுவும் கட்டிக் குடுக்கல."

"முந்தைய சொல்லை மாற்றுகிறீர்கள்" என்றது கட்டில். "மாற்றக் காரணம் சொல்லவும்."

"வெக்கம்."

"இந்தக் காரணம் பட்டியலில் இல்லை. மறதி, தவறான புரிதல், மொழிச் சிக்கல். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

ஜெசிந்தா அவரைப் பார்க்காமல் குனிந்து, மறதி என்பதைத் தொட்டாள். ஊட்டுகுழலின் ஓட்டம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சொட்டத் தொடங்கியது. முன்பு ஓடியதில் கால்பங்கு.

பொன்செல்வி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நயினாருக்கு இருந்தது.

பிச்சைக்கனி பிழைத்தான். சுரம் இறங்கப் பன்னிரண்டு நாள், வயிற்றை மறுபடி திறந்து கழுவி மூட ஒரு தரம், வீடு திரும்ப நாற்பத்து நான்கு நாள். இனி மண்வெட்டி பிடிக்க முடியாது என்றார்கள்.

அதற்குள் கட்டிலில் பதிந்த சொல் கம்பெனிக்குப் போய், கேட் மாறியிருந்தது. அளவு திடீரென்று ஏறினால் வில்லை என்று கண்டுபிடித்துவிடும் புதிய காப்பைப் பூட்டினார்கள். முதல் நாள் இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் வெளியே நின்றார்கள். கரையில் கப்பல் நிறைய பாஸ்பேட், அதை இறக்க ரத்தத்தில் பாஸ்பேட் உள்ள ஆள் இல்லை. கம்பெனி அவசரமாகக் கூட்டம் போட்டு, கேட்டுக்கு முன்னால் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தது. நல்ல கஞ்சி, தேங்காய்த் துவையலோடு. ஆளுக்கு இரண்டு செம்பு குடித்தார்கள். மறுநாள் குடித்தவனுக்கெல்லாம் அளவு இறங்கி கேட் மூடிக்கொண்டது. குடிக்காத ஐந்து பேர் உள்ளே போனார்கள். மூன்றாம் நாள் கஞ்சி அண்டா ஆவி பறக்க நின்றது, ஒருவரும் தொடவில்லை. ஊற்றுகிற பெண் கரண்டியோடு ஒவ்வொருவராகக் கேட்டாள். "வீட்டுல சாப்பிட்டாச்சு தாயி" என்று சொல்லிக் கடந்துபோனார்கள். நயினாரும் அப்படித்தான் சொன்னார்.

"ஏன்வே வாயத் தொறந்தீரு?" என்று செந்தூர்பாண்டி வரிசையில் நின்றபடி கேட்டான். "ஒருத்தன் பொழச்சான். நாங்க இருபது பேரு வெறும் வயித்துல நிக்கோம்."

நயினார் வரிசையில் ஓர் அடி முன்னே நகர்ந்தார்.

பிச்சைக்கனி வீட்டுக்கு வந்த வாரம் நயினார் போனார். நோட்டை எடுத்துக்கொண்டு போனார், பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று. பிச்சைக்கனி கட்டிலில் சாய்ந்திருந்தான். பொன்செல்வி சின்னக் கிண்ணத்தில் குழைந்த சோற்றைக் கரண்டி கரண்டியாக அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

"ரெண்டாயிரத்து எழுநூத்து முப்பது. எண்ணிக்கிடுங்க."

"ஐயோ, வேண்டாம் பொன்செல்வி. அதுக்கா வந்தேன்? கணக்க அடிச்சிட்டுப் போகத்தான் வந்தேன்."

"நீங்க அடிச்சா அடிஞ்சிருமா? அவுக வாங்கித் தின்னது. கடன் கடன்தான."

"எடுத்துக்கிடும் அண்ணாச்சி" என்றான் பிச்சைக்கனி. அவன் குரல் நூலாக இருந்தது. "அவ ஒத்துக்கிட மாட்டா."

நயினார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொன்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டியதில் மணிக்கட்டுக் காப்பு பக்கவாட்டில் தெரிந்தது. இரண்டு புள்ளி ஐந்து.

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு, வீட்டுல..." என்று தொடங்கினார். அவள் பார்வையைப் பார்த்ததும் மீதி வரவில்லை.

பொன்செல்வி பணத்தை அலமாரியில் திரும்ப வைத்தாள். தட்டை எடுத்து வைத்து, சோறும் சாளைமீன் குழம்பும் போட்டாள்.

"உக்காருங்க."

"நாளைக்கு கேட்டு தொறக்காதும்மா."

"தெரியும். சிஸ்டர் சொல்லிருக்கா. கொஞ்சம் கொஞ்சமா, விடாம சாப்பிட்டா மூணாம் நாளு கழிஞ்சு தன்னால ஏறுமாம். மூணு நாளும் கேட்டு தொறக்காது." தண்ணீர்ச் செம்பை வைத்தாள். "கூலி தொள்ளாயிரத்துப் பத்து ஒரு நாளைக்கு. மூணு நாளைக்கு எவ்வளவுன்னு நீங்களே பாருங்க. அதான் எங்க பாக்கி. நீங்க நட்டப்படுங்க, நாங்க சோறு போடுதோம். முடிஞ்சிரும்."

நயினார் உட்கார்ந்தார். முதல் கவளத்தைப் பெரிதாக உருட்டி எடுத்தார். பிச்சைக்கனி கட்டிலில் இருந்தபடி, "மெதுவா அண்ணாச்சி, மெதுவா. ஒரேயடியா இழுத்துராதிய" என்றான். கேட்டுக்கு வெளியே அவர் அவனுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னான். சிரித்தான்கூட. நயினாருக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை அவர் கையை நீட்டினார். இரண்டு புள்ளி ஒன்று.

"நீங்கள் பசியோடு இருக்கிறீர்கள்" என்றது கேட், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "தயவுசெய்து உணவு உண்டு வரவும்."

"மேஸ்திரியே பட்டினியாம்ல!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "வில்லை வித்த காசு என்னாச்சு அண்ணாச்சி?" சிரிப்பு எழுந்தது. சாப்பிட்டாச்சு என்று சொல்ல இத்தனை வருடத்தில் அன்றுதான் அவருக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை. விலகி நின்று எல்லாரும் உள்ளே போகும்வரை இருந்துவிட்டு, பொன்செல்வி வீட்டுக்கு நடந்தார். இரண்டாம் நாளும் அது அதையே சொன்னது. மூன்றாம் நாளும் சொன்னது. மூன்று நாளும் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்று, அதைச் சொல்ல விட்டார்.

மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போனவரிடமிருந்து பொன்செல்வி தட்டை வாங்கிக்கொண்டாள். நோட்டைக் கேட்டு வாங்கி, பிச்சைக்கனியின் மடியில் வைத்துப் பேனாவையும் கொடுத்தாள். அவன் தொண்ணூற்றொரு கோட்டின் மேலும் குறுக்காக ஒரே கோடு இழுத்தான். கோடு வளைந்துபோனது.

"தீந்துச்சு அண்ணாச்சி" என்றாள் பொன்செல்வி. "இனிமே நீங்க வந்தா சாப்பிட்டியளான்னு கேக்க மாட்டேன். போட்டுருவேன்."